பொய் அடித்தட்டு: இரும்புத் தண்ணீருக்கு வீட்டிலேயே ஒரு வடிகட்டி

கௌஹாத்தியில் சொந்த வீடு கட்டிக் குடியேறிய நம்மவர் யாரைக் கேட்டாலும் முதல் குறை தண்ணீர்தான். குழாயைத் திறந்தவுடன் கண்ணாடி போல வருகிறது. பக்கெட்டில் பிடித்து வைத்துவிட்டு அரை மணி கழித்துப் பார்த்தால் மஞ்சள் பூக்கிறது. மறுநாள் காலை அடியில் செம்மண் குழம்பு போல ஒரு படிவு. வெள்ளை வேட்டி நாலே சலவையில் பழுப்பாகிவிடும். சோறு மஞ்சள் தட்டும், இட்லி வெளுப்பாக வராது. தேநீர் மை போலக் கறுக்கும். காபியோ, பால் விட்ட பிறகும் சாம்பல் பூத்தாற்போல இருக்கும்.

மாலிகாவ் ரயில்வே குடியிருப்பில் இருந்தவரை எங்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. குடியிருப்புக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையைப் பார்த்தவன் நானே என்றாலும், வீட்டுக் குழாயில் வரும் நீரைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. ஓய்வு பெற்று, ஊருக்கு வெளியே சொந்த வீட்டுக்கு வந்து, 120 அடி ஆழத்துக்குக் குழாய்க் கிணறு போட்ட பிறகுதான் புத்தி வந்தது. மூன்றாவது மாதம் என் மனைவி, "இந்தத் தண்ணியில காபி போட என்னால ஆகாது. வீட்டை வித்துட்டு ஊருக்கே போயிடலாம்" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். நாற்பது ஆண்டுகள் அஸ்ஸாமில் வாழ்ந்து, பிள்ளைகளை இங்கேயே படிக்க வைத்து, கடைசியில் ஒரு டம்ளர் காபிக்காக ஊரை விடுவதா என்று எனக்கு ரோஷம் வந்தது. அந்த ரோஷத்தில் பிறந்ததுதான் இந்த வடிகட்டி. முதல் தடவை அது படுதோல்வி. அந்தத் தோல்வியையும் சேர்த்தே சொல்கிறேன். பாடம் அதில்தான் இருக்கிறது.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். நிலத்தடியில் காற்று இல்லை. அங்கே இரும்பு, உப்பு போல நீரில் கரைந்து நிற்கிறது. கரைந்த பொருளை எந்தத் துணியாலும் எந்த மணலாலும் வடிகட்ட முடியாது. சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் வடித்தால் சர்க்கரை தங்குமா? ஆனால் அந்த நீர் வெளியே வந்து காற்றில் உள்ள பிராணவாயுவோடு சேர்ந்ததும், கரைந்திருந்த இரும்பு கரையாத துருவாக மாறிப் பொடிப்பொடியாகப் பிரிகிறது. மஞ்சள் பூப்பது இதனால்தான். இந்தத் துருப்பொடியை மணல் பிடித்துக்கொள்ளும். ஆக நமக்கு வேலை இரண்டு. ஒன்று, நீருக்குக் காற்றூட்டுவது. மற்றது, மணலில் வடிப்பது. முதல் வேலை எளிது. 1 மில்லிகிராம் இரும்பைத் துருவாக்க 0.14 மில்லிகிராம் பிராணவாயு போதும். நம் ஊர் வெப்பத்தில் 1 லிட்டர் நீர் 8 மில்லிகிராம் வரை பிராணவாயுவைத் தன்னுள் ஏற்கும். ஆகவே பூவாளி போலத் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் தாம்பாளத்திலிருந்து ஒன்று ஒன்றரை அடி உயரம் தண்ணீரைச் சிதறவிட்டு விழச் செய்தாலே போதுமான காற்று கிடைத்துவிடும்.

உங்கள் தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு கொய்யா இலையைக் கசக்கி ஒரு டம்ளர் நீரில் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் ஊதாக் கறுப்பாக மாறினால் இரும்பு உண்டு. கடுக்காய்த் தூள் போட்டாலும் அப்படியே. அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்தார்களே, அதே சங்கதிதான். தேநீர் கறுப்பதற்கும் இதுவே காரணம். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை.

இனி இரண்டாவது வேலைக்கு வருவோம்.

நம் வீட்டுக் காபி வடிகட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படித்தால் நல்லது. மேல் பாத்திரத்தின் அடியில் நுண்ணிய துளைகள். அதன் கீழே டிகாக்ஷன் இறங்க ஒரு காலி இடம். மேலே பொடி, பொடியின் மேல் குடை. இப்போது ஒரு கேள்வி. டிகாக்ஷனை வடிகட்டுவது எது? துளைகள் என்று சொன்னால் தவறு. துளை பொடியைத் தாங்குகிறது, அவ்வளவுதான். வடிகட்டுவது பொடியேதான். முதலில் சொட்டும் டிகாக்ஷனில் கொஞ்சம் மண்டி வருவதும், பொடி அமைந்த பிறகு தெளிவாக இறங்குவதும் நீங்கள் பார்த்ததுதானே. பொடியை அழுத்தி அடைத்துவிட்டால் இரவெல்லாம் வைத்தாலும் சொட்டாது. தளர்வாகப் போட்டால் ஒரு பக்கமாக வழி உண்டாகி, வெந்நீர் அந்த வழியாகவே ஓடி, டிகாக்ஷன் வெளிறிப் போகும். மற்ற பொடியெல்லாம் வீண். குடை எதற்கு? ஊற்றும் வெந்நீர் ஓரிடத்தில் குழி பறிக்காமல் பரவலாக விழுவதற்கு. ஒரு மணல் வடிகட்டியின் முழுச் சாத்திரமும் இந்தச் சிறு பித்தளைப் பாத்திரத்துக்குள் இருக்கிறது.

அந்தத் துளைத் தட்டையும் அதன் கீழுள்ள காலி இடத்தையும் சேர்த்துப் பொறியியலில் ஃபால்ஸ் பாட்டம் என்பார்கள். பொய் அடித்தட்டு என்று நான் தமிழ்ப்படுத்திக்கொண்டேன். பாத்திரத்தின் மெய்யான அடி கீழே இருக்கிறது. இது அதற்கு மேலே ஓர் அங்குலமோ ஒரு சாணோ தள்ளி நிற்கும் பொய்யான அடி.

என் தம்பி மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சுவது பலருக்குப் பொழுதுபோக்கு. 1963 வரை அதற்கு உரிமம் வேண்டியிருந்ததாம், பிறகு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். முளைகட்டிய பார்லியை உடைத்து, 65 அல்லது 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுகிறார்கள். பிறகு அந்த இனிப்புச் சாற்றைக் கீழே வடித்து எடுக்க வேண்டும். அந்த ஊறல் தொட்டியில் மாட்டுவது இதே பொய் அடித்தட்டுதான். அங்கேயும் தட்டு உமியைத் தாங்குவதோடு சரி. சாற்றைத் தெளிய வைப்பது பார்லி உமிப் படுகை. முதலில் வரும் கலங்கலை மறுபடி மேலேயே ஊற்றுகிறார்கள். அவசரப்பட்டுக் குழாயை முழுக்கத் திறந்தால் படுகை கீழே இழுக்கப்பட்டு இறுகி, அடைத்துக்கொள்ளும். என் தோல்வியைக் கேட்டுவிட்டு அவன் சொன்னது: "பெரியப்பா, தட்டோட ஓரத்தைக் கவனிச்சீங்களா? நாங்க ஓஸ் பைப்பைக் கிழிச்சு விளிம்புல மாட்டிடுவோம்." அந்தச் சரக்கு நமக்கு வேண்டாம். அந்த விளிம்பு யுக்தியை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

காலி இடம் எதற்கு? டிரம்மின் அடியில் ஒரு குழாயை மாட்டி, நேரே அதன் மேல் ஜல்லியும் மணலும் கொட்டினால் ஆகாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. நீர் எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். குழாய் இருக்கும் மூலைக்கு நேர் மேலே உள்ள மணலில் மட்டும் வேகமாக இறங்கும். எதிர் மூலையிலுள்ள மணல் சும்மா கிடக்கும். நூறு லிட்டர் மணல் போட்டு இருபது லிட்டர் மணலின் பலனைப் பெறுவோம். தட்டின் கீழே தடையில்லாத காலி இடம் இருந்தால், அங்கே எல்லா இடத்திலும் நீரின் அழுத்தம் ஒன்றே. ஆகவே எல்லாத் துளைகளும் சமமாக இழுக்கும், படுகை முழுதும் ஒரே சீராக வேலை செய்யும். அந்த வெற்றிடம்தான் பொய் அடித்தட்டின் உயிர்.

என் முதல் வடிகட்டி

200 லிட்டர் நீல டிரம் ஒன்று வாங்கினேன். உள்விட்டம் 57 செ.மீ., உயரம் 88 செ.மீ. பி.வி.சி. பலகை 6 மி.மீ. கனத்தில் கிடைத்தது. வட்டமாக வெட்டி, துளை போட்டு, சுவரோரமாக நான்கு அரைச் செங்கற்களின் மேல் உட்கார வைத்தேன். அதன்மேல் ஜல்லி, மணல். குழாயை டிரம்மின் அடியிலேயே மாட்டினேன். பதினோரு நாள் அருமையாக ஓடியது. மனைவி சமாதானமாகிவிட்டாள். பன்னிரண்டாம் நாள் காலை குழாயிலிருந்து தண்ணீருக்குப் பதில் மணற்குழம்பு வந்தது. இரவு யாரோ குழாயைச் சரியாக மூடவில்லை, டிரம் முழுக்க வடிந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் அள்ளிப் பார்த்தால் தட்டு நடுவில் தொட்டில் போலத் தொங்கி, ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டு விலகியிருந்தது.

பதினோரு நாள் தாங்கிய தட்டு ஒரே இரவில் ஏன் விழுந்தது? இதை நான் முன்பே கணக்குப் போட்டிருக்க வேண்டும். டிரம்மின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 2,550 சதுர செ.மீ. 40 செ.மீ. மணலும் 10 செ.மீ. ஜல்லியும் என்றால் சுமார் 127 லிட்டர் கொள்ளளவு. ஈர மணல் லிட்டருக்கு 2 கிலோ. ஆக மொத்தம் 255 கிலோ. நான்கு ஆட்கள் அந்தத் தட்டின் மேல் ஏறி நிற்பதற்குச் சமம்! டிரம்மில் நீர் நிறைந்திருந்தவரை ஆர்க்கிமிடீஸ் உதவினார். நீரில் மூழ்கிய மணலின் பாரம் ஏறக்குறையப் பாதிதான், தட்டு 125 கிலோவைத்தான் சுமந்தது. நீர் வடிந்ததும் மிதப்பு விசை போய்விட்டது, முழுப் பாரமும் தட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. நடுவில் தாங்கல் இல்லாத 6 மி.மீ. பலகை என்ன செய்யும்? கடைசி வருடம் வரை பாலங்களின் பாரக் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன், சொந்த வீட்டில் கண்மதிப்பாக வேலை செய்தேன். டிப்ளமா படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் இதைக் கேட்டுச் சிரித்தான். சிரிக்கட்டும், அவனாவது கணக்குப் போட்டுச் செய்வான்.

இரண்டாவது வடிகட்டி இன்றும் ஓடுகிறது. அதைச் செய்த விதம் இது.

டிரம் வாங்கும்போது, முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெய், பழச்சாறு போன்ற உண்ணும் பொருள் வந்த டிரம்தான் வேண்டும். கடைக்காரர் "கழுவிட்டோம்" என்று சொல்வதை நம்பி, மருந்து வாடை அடிக்கும் டிரம்மை வாங்க வேண்டாம். என்ன கழுவினாலும் அது போகாது. வாய் முழுவதும் திறந்து மூடி போடும் வகையாக இருந்தால் தட்டை இறக்குவது எளிது.

தாங்கலுக்கு 110 மி.மீ. பி.வி.சி. குழாயை 8 செ.மீ. உயரத் துண்டுகளாக ஏழு வெட்டிக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே உயரமாக இருக்க வேண்டும். ஆக்ஸா பிளேடு சாய்ந்துவிட்டால், உப்புத்தாளைத் தரையில் போட்டுத் தேய்த்துச் சமன் செய்யலாம். ஒவ்வொரு துண்டின் இரு விளிம்பிலும் அரைவட்டமாக மூன்று நான்கு வாய் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் துண்டுக்குள் இருக்கும் நீர் வெளியே போக வழியின்றித் தேங்கிக் கெட்டுவிடும். ஒன்றை நடுவில், ஆறைச் சுற்றிலும் வைத்தால் தட்டின் எந்தப் பகுதியும் ஒரு சாணுக்கு மேல் தாங்கல் இல்லாமல் நிற்காது. இதுவே முக்கியம். தட்டைத் தடிமனாக்குவதைவிடத் தூண்களை நெருக்கமாக வைப்பதுதான் மலிவான வழி. ஆனாலும் இந்த முறை 10 மி.மீ. பலகையே போட்டேன். சூடு கண்ட பாலைக் குடித்த பூனை கதைதான்.

தட்டை வெட்டும் முன் டிரம்மின் உள்விட்டத்தை, தட்டு நிற்கப்போகும் 8 செ.மீ. உயரத்தில் அளக்க வேண்டும். வாயில் அளந்தால் ஏமாற்றம், டிரம் மேலும் கீழும் ஒரே அளவாக இருப்பதில்லை. அட்டையில் வட்டம் வெட்டி உள்ளே இறக்கிப் பார்த்துவிட்டுப் பலகையில் குறியுங்கள். சுற்றிலும் அரை செ.மீ. குறைவாக வெட்டுங்கள். துளை 4 மி.மீ., துளைக்குத் துளை 3 செ.மீ. இடைவெளி. இப்படிப் போட்டால் 280 சொச்சம் துளை வரும். இது குறைவாயிற்றே என்று சந்தேகம் வரும், காபி வடிகட்டியில் எத்தனை நெருக்கமான துளைகள்! கணக்குப் பார்த்தேன். மணிக்கு 50 லிட்டர் இறங்கினால் ஒரு துளையின் வழியே நீர் போகும் வேகம் நொடிக்கு 4 மி.மீ. கூட இல்லை. எறும்பு நடை. துளை கூடினால் தட்டின் பலம் குறையும், லாபம் எதுவுமில்லை.

இனி அந்த விளிம்பு யுக்தி. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் மெல்லிய ஓஸ் பைப்பை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கிழித்து, தட்டின் விளிம்பைச் சுற்றி வாயில் கவ்வ வைப்பது போல மாட்ட வேண்டும். வெந்நீரில் போட்டு எடுத்தால் பைப் இளகி எளிதில் ஏறும். இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் இடைவெளி விடாமல் சரியாக வெட்டுங்கள். இப்போது தட்டை உள்ளே இறக்கினால் ரப்பர் வளையம் போலச் சுவரோடு இறுக்கமாக உட்காரும். முதல் வடிகட்டியில், தட்டு வளைவதற்கு முன்பேகூட, டிகாக்ஷனில் மண்டி வருவதுபோல நீரில் கொஞ்சம் மணல் வந்துகொண்டிருந்தது. ஓரத்து இடுக்குதான் காரணம் என்று இப்போது தெரிகிறது. சிலர் தட்டின் மேல் நைலான் வலையோ துணியோ விரிக்கச் சொல்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். துரு அந்த வலையில் போய்ப் படிந்து அடைத்துக்கொண்டால், மணல் முழுவதையும் அள்ளாமல் அதைச் சுத்தம் செய்ய முடியாது. ஜல்லியை முறையாக அடுக்கினால் வலையே தேவையில்லை.

வெளிக்குழாய்க்கான துளையைத் தட்டின் கீழுள்ள வெற்றிடத்தில், அடியிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் போட்டு, முக்கால் அங்குல டேங்க் நிப்பிளை உள்ளும் புறமும் ரப்பர் வாஷர் வைத்து முடுக்க வேண்டும். எதிர்ப்புறம் இன்னொரு நிப்பிள் போட்டு மூடி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடியில் சேரும் வண்டலைத் திறந்துவிட உதவும். தட்டை இறக்குவதற்கு முன்பே டிரம்மில் 5 செ.மீ. தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் வைத்து, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். மணல் போட்ட பிறகு கசிந்தால் 255 கிலோவை அள்ள வேண்டும்!

இப்போது மிக முக்கியமான திருத்தம். வெளிக்குழாயை அடியிலேயே குழாய் வாய் வைத்து முடிக்கக் கூடாது. எல்போ போட்டு, டிரம்மின் வெளிப்பக்கமாகவே மேலே ஏற்றி, மணலின் மேல்மட்டத்தைவிட 5 செ.மீ. உயரத்தில் வெளியே விட வேண்டும். நம் கணக்கில் தூண் 8, தட்டு 1, ஜல்லி 10, மணல் 40, ஆக மணலின் தலை 59 செ.மீ. உயரத்தில் இருக்கும். எனவே குழாயின் வாய் 64 செ.மீ. உயரத்தில். அப்படியானால் நீங்கள் ஊற்ற மறந்தாலும், யார் வால்வை மூட மறந்தாலும், நீர் 64 செ.மீ. மட்டத்துக்குக் கீழே வடியவே வடியாது. மணல் எப்போதும் மூழ்கியே இருக்கும். தட்டுக்கு ஆர்க்கிமிடீஸின் உதவி நிரந்தரம். மணல் உலர்ந்து இடையில் காற்று புகுந்து அடைப்பதும் இல்லை. ஏறும் குழாயின் உச்சியில் எல்போவுக்குப் பதிலாக டீ மாட்டி, அதன் மேல்வாயைத் திறந்தே விடுங்கள். மூடிவிட்டால் சைஃபன் பிடித்து டிரம்மை முழுக்க உறிஞ்சிவிடும். ஏறும் குழாயில் ஒரு பால் வால்வு, வேகத்தைக் கட்டுப்படுத்த.

ஜல்லியில் முதல் 5 செ.மீ. கடலைப்பருப்பு அளவிலிருந்து சுண்டைக்காய் அளவு வரை, அதன் மேல் 5 செ.மீ. வெந்தயம், மிளகு அளவு. ஒவ்வொரு அடுக்கின் கல்லும் அதன் கீழ் அடுக்கின் இடுக்கில் விழாத அளவாக இருக்க வேண்டும் என்பதே விதி. மணல் ஆற்று மணல். கொசுவலைக் கம்பியில் சலித்து, விழுந்ததைப் பக்கெட்டில் போட்டுக் கலக்கிக் கலக்கி, கலங்கல் நீரை ஊற்றி, நீர் தெளியும்வரை அலச வேண்டும். இது ஒரு நாள் வேலை, முதுகு வலிக்கும். கடற்கரை மணல் கிடைத்தாலும் வேண்டாம். போடும்போது டிரம்மில் நீரை முதலில் நிரப்பிக்கொண்டு, நீருக்குள் மணலைத் தூவ வேண்டும். உலர்ந்த மணலைக் கொட்டி மேலே நீர் ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும்.

டிரம்மின் மேலே துளையிட்ட தாம்பாளம். தாம்பாளத்து நீர் நேரே மணலில் குழி பறிக்காமல் இருக்க, மணலின் மேல் எப்போதும் 5 செ.மீ. நீர் நிற்கிறது. அதுவே நம் காபி வடிகட்டியின் குடை.

வேகம் எவ்வளவு? மணல் மேல் நிற்கும் நீர் மணிக்கு 20 செ.மீ. இறங்கும் வேகம் போதும். நம் டிரம்முக்கு அது மணிக்கு 51 லிட்டர். அளவு பார்க்க ஒரு லிட்டர்ச் சொம்பைப் பிடியுங்கள், நிறைய 70 நொடி ஆக வேண்டும். 40 நொடியில் நிறைந்தால் வால்வைச் சற்று மூடுங்கள். மூன்று மணி நேரத்தில் 150 லிட்டர் கிடைத்துவிடும். நான்கு பேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கும் வெள்ளைத் துணிகளுக்கும் தாராளம்.

முதல் வாரம் ஏமாற்றமாக இருக்கும். இரும்பு முழுவதும் போகாது. பொறுத்திருங்கள். மணலின் மேல் செம்பழுப்புப் பூச்சு படியப் படிய வடிகட்டி தேறுகிறது. அந்தத் துருப் பூச்சே புதிதாக வரும் கரைந்த இரும்பையும் இழுத்துத் துருவாக்குகிறது. ஆகவே மணலை வெளுக்கத் துவைத்துப் போடும் ஆசை வேண்டாம். எங்கள் வீட்டில் மூன்றாம் வாரம் கொய்யா இலைச் சோதனையில் நிறம் மாறவில்லை.

ஆறு வாரம் ஆகியும் இரும்பு போகவில்லை என்றால், உங்கள் நீர் புளிப்புத் தன்மை உடையதாக இருக்கலாம். துருவாகும் வேகம் இதைப் பொறுத்தது. பி.எச். அளவில் ஒரு படி குறைந்தால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும்! தாம்பாளத்தில் சுண்ணாம்புக்கல் அல்லது பளிங்குக்கல் சில்லுகளைப் பரப்பினால் புளிப்பு தணியும். இங்குள்ள அஸ்ஸாமியர் வாழைமரச் சாம்பலிலிருந்து எடுக்கும் கார நீரைச் சமையலில் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மணலும் கரியும் போட்ட அவர்களுடைய பழைய வடிகட்டிகளிலும் அந்தச் சாம்பலைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. நம் காற்றூட்டலுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் உள்ள தத்துவத்தைப் படிப்பு இல்லாமலே கண்டவர்கள்.

சுத்தம் செய்வது பற்றி ஒரு வார்த்தை. கீழிருந்து மேலாக நீரைச் செலுத்தி மணலைப் புரட்டிக் கழுவலாமே என்று ரயில்வே நண்பர் ஒருவர் கேட்டார். பெரிய நீரேற்று நிலையங்களில் அப்படித்தான். ஆனால் அரை மி.மீ. மணலை மிதக்க வைக்க மணிக்கு 36 மீட்டர் அளவு மேல்நோக்கிய வேகம் வேண்டும். நம் டிரம்முக்கு அது நிமிடத்துக்கு 150 லிட்டருக்கு மேல். மாடித் தொட்டிக் குழாயில் 20 லிட்டர் வந்தால் அதிகம். ஆகவே அது நடக்காது. சுலபமான வழி இருக்கிறது. லிட்டர்ச் சொம்பு நிறைய 70 நொடி ஆனது, வால்வை முழுக்கத் திறந்தும் 140 நொடியானால், வால்வை மூடிவிட்டு மணலின் மேல் மூன்று நான்கு செ.மீ. மட்டும் கையால் மெதுவாகக் கலக்கி, மேலே எழும் செங்குழம்பைச் சொம்பால் மொண்டு ஊற்றுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் போதும். எங்கள் நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் இரும்பு. நாளுக்கு 150 லிட்டரில் சேரும் துரு உலர்ந்த எடையில் ஒரு கிராமுக்குச் சற்று மேல். ஆனால் நீரோடு உப்பிப் பஞ்சு போல நிற்பதால் இரண்டு வாரத்தில் அடைத்துவிடுகிறது.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இது இரும்பு வடிகட்டி, கிருமி வடிகட்டி அல்ல. மணல் வடிகட்டி கிருமிகளைத் தடுக்கும் என்று நீங்கள் எங்காவது படித்திருக்கலாம், அதுவும் பொய்யில்லை. 1892-இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரைக் காலரா சூறையாடியபோது, அதே எல்பே ஆற்று நீரை மணலில் வடித்துக் கொடுத்த பக்கத்து ஊர் ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது. ஆனால் அங்கே வேலை செய்தது மணலின் மேல் வாரக்கணக்கில் கலைக்காமல் வளரும் நுண்ணுயிர்ப் படலம். நாமோ துருவுக்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைக் கலக்கிவிடுகிறோம். ஆகவே குடிநீரைக் காய்ச்சியே குடியுங்கள். தெளிவாக இருக்கிறது, இனிக்கிறது என்று குழந்தைகளுக்கு அப்படியே கொடுக்காதீர்கள்.

அதைவிடப் பெரிய எச்சரிக்கை ஆர்செனிக் பற்றியது. அஸ்ஸாமில் ஜோர்ஹாட் போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஆர்செனிக் இருக்கிறது. நகாவ், கார்பி ஆங்லாங் பக்கம் ஃபுளோரைடு. இவற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, கொய்யா இலைக்கும் தெரியாது. துரு கொஞ்சம் ஆர்செனிக்கை இழுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு இழுத்தது என்று சோதனைச் சாலைதான் சொல்ல முடியும். காய்ச்சினாலும் இவை போகா. பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையின் சோதனைச் சாலையில் ஒரு முறை நீரைக் கொடுத்துப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஃபுளோரைடு 1 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை. இரும்பு, 2015-இல் செய்த திருத்தத்தின்படி 1 மில்லிகிராம். முதல் இரண்டில் எது கூடினாலும் அந்தக் கிணற்று நீரைத் துணி துவைக்க வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் வேறு நீர் தேடுங்கள். நானும் வடிகட்டி செய்வதற்கு முன் சோதிக்கவில்லை, செய்த பிறகே கொடுத்தேன். அறிக்கை வரும்வரை இரண்டு வாரம் சரியாகத் தூக்கமில்லை. எங்கள் நீரில் இரும்பு மட்டும்தான் என்று வந்தது.

மொண்டு எடுக்கும் செங்குழம்பைக் கீரைப் பாத்தியில் ஊற்றாதீர்கள். நீரில் ஆர்செனிக் இருந்தால் அது இந்தக் குழம்பில்தான் சேர்ந்திருக்கும். நான் வேலியோரம் ஒரு குழி வெட்டி அதில் ஊற்றி, மண் போட்டு மூடுகிறேன்.

செய்ய விரும்புபவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தால் வடிகட்டியைக் காட்டுகிறேன். வளைந்துபோன அந்தப் பழைய தட்டையும் எறியாமல் வைத்திருக்கிறேன். வரும்போது உங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டிலில் கொண்டு வாருங்கள். கொய்யா மரம் வாசலிலேயே இருக்கிறது. காபியும் உண்டு.